எங்கேஜ்டாக இருந்த எங்கள் வீட்டு போன்

இது நடந்தது 2010 வாக்கில், ஹைதராபாத் ராமச்சந்திராபுரத்தில். என் கணவருக்கு அங்கே இருந்த பெரிய தொழிற்சாலையில் வேலை. கல்யாணமான கையோடு திருச்சியிலிருந்து வந்து கம்பெனி குவார்ட்டர்ஸில் குடியேறியவள் நான். அந்த வருஷம் தெலங்கானா போராட்டம், எப்போது பார்த்தாலும் பந்த். நாளைக்கு ஸ்கூல் உண்டா இல்லையா என்று தெரியாமலேதான் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தேய்த்து வைப்போம். என் பெண் அப்போது ஒன்பதாவது படித்தாள்.

ஆனால் எனக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஸ்கூல் ஆபீஸ் கிளார்க்கின் மனைவி என்னோடு கோயிலுக்கு வருவாள். பிள்ளைகளை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர் எங்களுக்குப் பின்வீடு. ஹிந்தி டீச்சர் எங்கள் வீட்டு ரசப்பொடி இல்லாமல் சமைக்கமாட்டார். அப்புறம் என்ன, பேரன்ட்ஸ் மீட்டிங் எப்போது, ஸ்போர்ட்ஸ் டேக்கு யார் சீஃப் கெஸ்ட், கணக்கு சார் ஏன் கோபமாக இருக்கிறார், எல்லாம் முதலில் என் காதுக்குத்தான் வரும். குவார்ட்டர்ஸுக்குள் வீட்டுக்கு வீடு போன் இலவசம். செய்தி கிடைத்ததும் ரிசீவரை எடுத்தேன் என்றால் கடைசி வீடு வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் வைப்பேன். "ரேடியோ ஸ்டேஷனை மூடிட்டு ஒரு காபி குடும்மா" என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. எனக்கு வேலை கிடையாது, பாட்டு வராது, கோலம்கூட சுமார்தான். ஆனால் ஸ்கூல் சமாச்சாரம் என்றால் "ஆன்ட்டியைக் கேளுங்க" என்று நாலு பேர் சொன்னார்கள். அந்தப் பெருமை எனக்கு வேண்டியிருந்தது.

அப்போதுதான் அந்தம்மா வந்து சேர்ந்தாள். கோயம்புத்தூர்க்காரி. கணவருக்கு கச்சிபௌலி பக்கம் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. எங்கள் ஸ்கூல் குவார்ட்டர்ஸுக்கு வெளியே ஹைவேயில் இருந்தது. அதை ஒட்டி எழும்பிய புது அபார்ட்மென்ட்டில் வாடகைக்கு வந்தார்கள். பையன் என் பெண்ணின் வகுப்பு. அவளுக்குத் தெலுங்கும் தெரியாது, ஹிந்தியும் தெரியாது. என்னைவிட பத்து வயதாவது சின்னவள்.

வந்த முதல் பேரன்ட்ஸ் மீட்டிங்கிலேயே ஹெட்மிஸ்ட்ரஸ், "திடீர் திடீரென்று லீவு விடுகிறோம், எல்லாருக்கும் சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது" என்று புலம்பினார். இவள் எழுந்து, எல்லாருடைய செல் நம்பரும் கொடுங்கள், கம்ப்யூட்டரிலிருந்து ஒரே தட்டில் அத்தனை பேருக்கும் மெசேஜ் அனுப்பிவிடுகிறேன் என்றாள். இங்கிலீஷில், அதுவும் மெல்லிசாக. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டத் தட்ட வயிறு எரிந்தது.

அன்றிலிருந்து பிடித்தது எனக்குச் சனி. சனிக்கிழமை சயின்ஸ் எக்ஸிபிஷன், திங்கள்கிழமை யூனிட் டெஸ்ட், பத்தாம் வகுப்புக்கு ஃபேர்வெல் என்று வாராவாரம் மெசேஜ். கடைசியில் ஒரு சிரிக்கிற முகம் வேறு. எங்கள் வீட்டில் ஒரே செல்போன், அதுவும் என் கணவரோடு ஆபீஸ் போய்விடும். சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அதைப் பிடுங்கி, மெசேஜில் எங்காவது ஸ்பெல்லிங் தப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒருமுறை 'சயின்ஸ்' என்ற வார்த்தையில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அன்று சந்தோஷத்தில் கேசரி கிளறினேன். "என்ன விசேஷம்?" என்று கேட்டவரிடம் காரணத்தைச் சொன்னபோது, மனுஷன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஸ்போர்ட்ஸ் டே தள்ளிப்போன சேதி கிடைத்து அரக்கப்பரக்க எதிர்வீட்டுக்கு போன் செய்தால், "ஹவ் ஆன்ட்டி, மெசேஜ் ஆ கயா" என்றாள் அந்த வீட்டுப் பெண். ஆமாம், மெசேஜே வந்துவிட்டதாம். அவள் அன்பாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் மூக்கு உடைந்துபோனது. கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் வீட்டு போன் அடிப்பதே குறைந்துவிட்டது.

இதில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. பாஷை தெரியாத, வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராத இவளுக்கு இவ்வளவும் எப்படித் தெரிகிறது? ஆபீஸ் சேதி என்றால் சரி, ஆபீஸ் கொடுக்கும். தெலுங்கு ஒப்புவித்தல் போட்டியில் யார் ஜெயித்தது, பி.டி. சார் மகள் கல்யாணத்துக்காக எந்தப் பீரியட் மாறுகிறது என்பதெல்லாம் கூடவா? என் பெண்ணிடம் தினமும் கேட்பேன்.

"ஸ்கூல்ல இன்னிக்கு என்னடி விசேஷம்?"

"ஏம் லேது மம்மி."

ஒன்றுமில்லையாம். நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கில் ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு ரூமுக்குள் போய்விடுவாள். இங்கே வளர்கிற பிள்ளைகள் அப்படித்தான், தமிழ் காதில் ஏறும், வாயில் வராது என்று நானே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

அன்றைக்கும் ஸ்கூல் இருந்தது. மதியம் நெருங்கும் நேரம். பின்வீட்டு டிரைவரின் மனைவி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, ஹைவேயில் திடீரென்று பந்த் என்று பஸ் மேல் கல் எறிகிறார்கள், கம்பெனி பஸ்ஸையெல்லாம் ஷெட்டுக்குத் திருப்பிவிட்டார்கள் என்றாள். இப்படி ஒரு சேதியைக் கேட்டால் பெற்றவளுக்கு முதலில் என்ன தோன்ற வேண்டும்? எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இது மெசேஜில் வந்திருக்குமா என்று தோன்றியது. பஸ் இல்லாவிட்டால் பிள்ளைகளை ஸ்கூலுக்குள்ளேயே பத்திரமாக உட்கார வைத்திருப்பார்கள், வழக்கம் அதுதான் என்று என் பெண்ணைப் பற்றிய கவலையை ஓரமாக வைத்துவிட்டு போனிடம் ஓடினேன்.

"மெசேஜ் வந்துச்சா?" என்று முதல் வீட்டில் கேட்டேன். வரவில்லை என்றார்கள். ஆகா! விஷயத்தைச் சொன்னேன். அடுத்த வீடு. அங்கும் வரவில்லை. ஒவ்வொரு 'இல்லை'யும் காதில் தேனாகப் பாய்ந்தது. கோயம்புத்தூர்க்காரி தூங்கிவிட்டாள் போலிருக்கிறது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டே இருந்தது. நான் ரிசீவரை வைக்கவில்லை.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். பக்கத்து வீட்டுப் பெண், தன் மகனைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "மீ பாப ராலேதா ஆன்ட்டி?" என்றாள். உங்கள் பெண் வரவில்லையா என்று கேட்கிறாள். ஸ்கூலை உடனே மூடச் சொல்லிவிட்டார்களாம். வீடு வீடாக போன் செய்து பிள்ளைகளை வந்து அழைத்துப் போகச் சொன்னார்களாம். எங்கள் நம்பர் மட்டும் எங்கேஜ்டாகவே இருந்ததாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. ஆட்டோ ஒன்றும் ஓடவில்லை. ஹைவேயில் கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கியிருந்தன. ரோடெல்லாம் கண்ணாடிச் சில்லு. எங்கோ டயர் எரிகிற நாற்றம். தூரத்தில் பையன்கள் கும்பலாகக் கத்திக்கொண்டு போனார்கள். பதினாலு வயசுப் பெண் இந்த ரோட்டில் தனியாக எங்கே போயிருப்பாள்? முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். ஸ்கூல் கேட் பூட்டியிருந்தது. உள்ளேயிருந்து வாட்ச்மேன் வந்து, எல்லாரும் போயாச்சு, உங்க பாப்பாவை மெசேஜ் மேடம் கையோடு கூட்டிக்கொண்டு போனார் என்றான்.

எனக்கு உயிர் வந்தது. அப்படி வந்த உயிரும் அடுத்த நிமிஷமே எரிய ஆரம்பித்தது. போயும் போயும் அவளா! என் பெண் எங்கே என்கிற சேதியைக்கூட நான் அவளிடம் போய்த்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

அபார்ட்மென்ட்டில் இரண்டாவது மாடி. கதவு திறந்தே இருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் தமிழில் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தது. யாரோ என்று நினைத்தேன். என் பெண்! தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, தெலுங்கு டீச்சர் மாதிரி கையை ஆட்டி நடித்துக் காட்டி, அதற்குத் தமிழில் அர்த்தமும் சொல்கிறாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அந்தம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள்.

"சரி, பந்த் மெசேஜ முதல்ல அனுப்பீர்றேன் கண்ணு. அப்புறம் வாரச் செய்தியில அந்தக் கோ-கோ டீம் விஷயத்தப் போட்டுக்கலாமா?"

"அய்யோ, அது வேணாம் ஆன்ட்டி. ஜில்லா டீம்ல எடுத்துருவேன்னு சார் வாயாலதான் சொல்லியிருக்காரு. லிஸ்ட் வரட்டும்."

"சரி, போடலே. நீ சொன்னப்புறந்தான்."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். என் வயிற்றில் பிறந்தது ஜில்லா டீமுக்கு விளையாடப் போகிறது. அது இவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு 'ஏம் லேது'. இத்தனை நாள் இந்தம்மாவைப் பார்த்து நான் பட்டதெல்லாம் பொறாமையே இல்லை. அன்றைக்குப் பட்டதுதான் பொறாமை. அந்த வீட்டுச் சோபா, அந்தக் கம்ப்யூட்டர், என் பெண் குடித்து முடித்து வைத்திருந்த டம்ளர் எல்லாவற்றின் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது.

என்னைப் பார்த்ததும் அந்தம்மா பதறி எழுந்தாள். "வாங்க்கா, உள்ள வாங்க. பயந்துட்டீங்களா? உங்க வீட்டுக்குத்தானுங்க அடிச்சுட்டே இருக்கறேன், எங்கேஜ்டாவே இருக்குது. உங்க வீட்டுச் சாரும் செல் எடுக்கலீங்க. புள்ளைய இங்க வச்சுட்டு, உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாம மெசேஜ் அனுப்ப உக்கார மனசு வரலீங்க்கா. இப்பத்தான் உக்காந்தேன்."

என் முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கு நான் அவளை முந்தியது எப்படி என்று புரிந்தது. அவள் கொடுத்த மோரை வாங்கிக் குடித்தேன். தாங்க்ஸ் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

கூட்டம் அடங்கியதும் நானும் என் பெண்ணும் நடந்தே திரும்பினோம். கம்பெனி பஸ் ஸ்கூல் விட்டு ரொம்ப நேரம் கழித்துத்தான் கிளம்பும். அதுவரை தினமும் இவள் அந்த வீட்டில்தான் இருந்திருக்கிறாள் என்று வழியில் தெரிந்துகொண்டேன். எனக்குத் தாங்கவில்லை.

"அவங்க யாருடி உனக்கு? பெத்தவ நான் ஒருத்தி வீட்ல இருக்கேன். என்கிட்ட பேசறதுக்கு வாயில தமிழ் வராது, அங்க போய் கொட்டறியே!"

அவள் பதில் சொன்னாள், தமிழிலேயே.

"அவங்க கேட்டுட்டுதாம்மா மத்தவங்ககிட்ட சொல்றாங்க. நீ எல்லார்கிட்டயும் சொல்லி முடிச்சிட்டு வந்து என்னைக் கேக்கற. போன வருஷம் நீ என்ன பண்ணேன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. போன வருஷமும் அவளை ஒரு கோ-கோ டீமுக்குப் பார்த்தார்கள். மாற்று ஆட்டக்காரியாக இருக்கலாம் என்று சார் சொன்னதை வந்து என்னிடம் சொன்னாள். நான் அன்று சாயங்காலமே, என் பெண் செலக்ட் ஆகிவிட்டாள் என்று குவார்ட்டர்ஸ் முழுக்க போன் போட்டுவிட்டேன். கடைசியில் எடுக்கவில்லை. அதோடு அது முடிந்தது என்று நான் நினைத்தேன். அவளோ கம்பெனி பஸ்ஸில் தினமும் ஒவ்வொருவருக்கும், "இல்ல ஆன்ட்டி, என்னை எடுக்கல" என்று பதில் சொல்லிக்கொண்டே போய் வந்திருக்கிறாள். யோசித்துப் பார்த்தால், 'ஏம் லேது' ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

அன்று ராத்திரி வீட்டு போன் அடித்தது. எதிர்வீட்டுப் பெண். ஸ்கூலில் வேறென்ன சமாச்சாரம் ஆன்ட்டி என்று ரொம்ப நாள் கழித்து ஆசையாகக் கேட்டாள். என் நாக்கு நுனியில் ஜில்லா டீம் நின்றது. இதைவிடப் பெரிய சேதி என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்ததில்லை. ரூம் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே என் பெண் எழுதிக்கொண்டிருந்த பேனா சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது.

"ஏம் லேது" என்றேன். சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து, நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது அவள் அடுப்படிக்கு வந்து மேடையில் ஏறி உட்கார்ந்தாள். "அம்மா, லிஸ்ட் வந்துருச்சு. என்னை எடுத்துட்டாங்க" என்றாள். நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? கட்டிப் பிடித்திருக்க வேண்டும் அல்லவா? என் வாயில் முதலில் வந்தது, "ஆன்ட்டிக்குத் தெரியுமா?" என்பதுதான்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னும் சொல்லல. உன்கிட்டதான் ஃபர்ஸ்ட்."

தோசை கருகிவிட்டது. கருகட்டும் என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை அந்தம்மாவின் மெசேஜில் என் பெண்ணின் பெயர் வந்தது, சிரிக்கிற முகத்தோடு. அந்தத் தடவை நான் ஸ்பெல்லிங் பார்க்கவில்லை. ரசப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

இன்று என் பெண் வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். இதை எழுதி அனுப்பட்டுமா என்றுகூட அவளிடம் கேட்டேன். "பேர் போடாம எழுதிக்கோ" என்றாள். போனில் அவள் எதைச் சொன்னாலும், "இதை வெளில சொல்லலாமாடி?" என்று கேட்டுக்கொள்கிறேன். பல சமயம் சொல்லலாம் என்பாள், சில சமயம் வேண்டாம் என்பாள். ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்த எனக்கு, அவள் வேண்டாம் என்று சொல்கிற அந்தச் சில சேதிகள்தான் இப்போது எல்லாவற்றையும்விடப் பெருமையாக இருக்கின்றன.