சிதம்பரம் ஆஸ்பத்திரியில் நான் சொன்ன வார்த்தை

எனக்கு வயது எழுபத்து மூன்று. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நால்வர் நான் பெற்றவர்கள், ஒருத்தி நாத்தனார் விட்டுப்போன பெண். கடலூர் முதுநகரில் மீனுக்கு ஐஸ் உடைத்துதான் வளர்த்தேன். ஒருவரிடமும் கை நீட்டியதில்லை. எனக்கு என் பெயரை மட்டும்தான் எழுத வரும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எஸ்தர் எழுதுகிறாள். சபையார் பொறுமையாகக் கேளுங்கள். எனக்கு வேகமாகப் பேச வராது.

என் மூன்றாவது மகன் ஸ்டீபன் பட்டாளத்தில் இருந்தான். மூன்று வருஷம் பனிமலையில் காவல் நின்றுவிட்டு லீவில் வந்தான். சிதம்பரத்தில் பெண் பார்த்து, நிச்சயம் பேசப் போனோம். பெண் வீட்டில் காபி டம்ளரைக் கையில் வாங்கியவன் அப்படியே சாய்ந்தான். கை கால் வெட்டி இழுத்தது. வாயில் நுரை தள்ளியது. அதற்கு முன் அவனுக்கு அப்படி வந்ததே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "இதுக்கு முன்னாடி வந்திருக்கா?" என்று கேட்டார். என் முதுகுக்குப் பின்னால் பெண்ணின் தாய்மாமன் நின்றுகொண்டிருந்தார். புது வியாதி என்றால் சம்பந்தம் போய்விடுமே என்று பயந்தேன்.

"சின்ன வயசுல காய்ச்சல் வந்தா இப்பிடித்தான் இழுக்கும் டாக்டர். இன்னிக்கும் உடம்பு சுட்டுச்சு. வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

அது பொய். டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டார்.

அப்படியும் சம்பந்தம் கைகூடவில்லை. தாய்மாமன் வாசலில் என் மூத்த மகனைப் பிடித்துக்கொண்டு, "இன்னா மச்சான், காய்ச்சலுக்கே இப்பிடின்னா, தாலி கட்டுறப்ப டாக்டரையும் பக்கத்துல ஒக்கார வைக்கணுமா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டு ஸ்டீபனோடு பட்டாளத்துக்குப் போயிற்று. மறுபடி இரண்டு தடவை வலிப்பு வந்ததும், மருத்துவக் குழு அவனை வேலைக்கு ஆகாதவன் என்று வீட்டுக்கு அனுப்பியது. ஊனப் பென்ஷன் கொடுக்கவில்லை. பட்டாள வேலையால் வந்த நோயாக இருக்க வேண்டும், இல்லை, அந்த வேலையால் முற்றிய நோயாக இருக்க வேண்டும். அப்போதுதான் அது உண்டு. அவன் மேல்முறையீடு எழுதிப் போட்டான். வந்த பதிலை அவனே எனக்கு வாசித்துக் காட்டினான். சிறு வயது முதலே இருந்த நோய், ஆகையால் தள்ளுபடி என்று இருந்தது.

"யாரும்மா இப்பிடிச் சொன்னது? எனக்கு எப்பம்மா வந்துச்சு?"

"டாக்டருங்களுக்கு இன்னாடா தெரியும்? வாய்க்கு வந்தத எழுதுவாங்க" என்றேன். இரண்டாவது பொய்.

அவன் காகிதத்தை மடித்தான். "அப்ப நான் நோய மறைச்சிப் பட்டாளத்துல சேந்தவன்னு ஆயிடுச்சிம்மா" என்றான்.

அடுத்த வருஷம் கெடிலம் ஆற்றில் குளிக்கப் போனவனுக்குத் தண்ணீருக்குள்ளேயே வலிப்பு வந்தது. பிள்ளை போய்விட்டான். கல்யாணம் ஆகாதவன்.

கடலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எனக்கு வழி சொன்னார்கள். பட்டாளத்தால் வந்த நோய் என்று தீர்ப்பானால், இறந்தவனுடைய தாய்க்கு விசேஷக் குடும்பப் பென்ஷன் உண்டு, சென்னையில் பட்டாளத்துக்கென்று இருக்கும் தீர்ப்பாயத்தில் கேட்கலாம் என்றார்கள். எனக்குப் பென்ஷன் பெரிதில்லை. நோயை மறைத்தவன் என்ற பெயர் என் பிள்ளை மேலிருந்து போக வேண்டும். அதுதான் வேண்டும்.

சென்னை வக்கீலம்மா, "பட்டாளத்துக் காகிதத்துல சிறு வயது முதல்னு மட்டும் இருக்கும்மா. எதைப் பார்த்து எழுதினாங்கன்னு தெரியணும். சிதம்பரம் ஆஸ்பத்திரியில இருக்கிற கேஸ் ஷீட்ட வாங்கிட்டு வாங்க" என்றார்.

அன்று முதல் என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. சோற்றுக்கு முன் உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். சபையில் எல்லோரும் முழங்காலில் இருக்கும்போது நான் வாசலில் செருப்புகளை அடுக்கிக்கொண்டிருப்பேன். பார்த்த நீங்கள் ஊழியம் என்று நினைத்தீர்கள். இரண்டு தடவை சிதம்பரம் பஸ் ஏறினேன். இரண்டு தடவையும் புதுச்சத்திரத்தில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அந்தக் காகிதம் செல்லரித்துப் போயிருக்கட்டும் ஆண்டவரே என்றுதான் அத்தனை நாளும் ஜெபித்தேன். ஆமாம், அதைத்தான் கேட்டேன்.

உபவாச ஜெபத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நான் கேட்பது என் பிள்ளைக்காக இல்லை, என் மானத்துக்காக என்று உறைத்தது. "உம் இஷ்டம்ப்பா, போறதுக்குக் காலை மட்டும் கொடும்" என்று அழுதேன். மறுநாள் புதுச்சத்திரம் தாண்டியது எனக்குத் தெரியவே இல்லை. அரை மணி நேரத்தில் காகிதம் கைக்கு வந்தது.

வக்கீலம்மா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "டாக்டர் சோதிச்சுக் கண்டதுன்னு இல்லம்மா. தாயார் கூறியபடின்னு எழுதியிருக்கு. நீங்க சொன்னது நெசமா?"

பக்கத்தில் என் மூத்த மகன் உட்கார்ந்திருந்தான். உள்ளுக்குள் ஆண்டவரைக் கூப்பிட்டேன். "பொய்ம்மா. பொண்ணு வூட்டுக்காரங்க நின்னாங்க, சொல்லிட்டேன்" என்றேன்.

"இதைப் பிரமாணமா எழுதிக் கொடுத்தா, அன்னிக்குக் கல்யாணத்துக்குப் பொய், இன்னிக்குப் பென்ஷனுக்குப் பொய்னு எதிர்ப்பக்கம் கேப்பாங்க. தாங்குவீங்களா?"

"கேக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டேன். மகன் ஊர் வந்து சேரும் வரை என்னோடு பேசவில்லை. இறங்கும்போது மட்டும் கையைப் பிடித்து இறக்கிவிட்டான்.

வக்கீலம்மா சொன்னபடியே கேட்டார்கள். நீதிபதிகள் முன் என் பொய் உரக்க வாசிக்கப்பட்டது. ஆனால் அங்கே வேறொரு முறை இருக்கிறது. சேரும்போது தலை முதல் கால் வரை சோதித்து, நோய் எதுவும் குறிக்காமல் எடுத்துக்கொண்டவன் நல்ல உடம்போடுதான் சேர்ந்தான் என்று வைத்துக்கொள்வார்களாம். அப்படி இல்லை என்று சொன்னால், அதற்குப் பட்டாளம்தான் காரணம் காட்ட வேண்டுமாம். என் வார்த்தையைத் தவிர அவர்களிடம் வேறு காரணம் இல்லை. அதையும் நான் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

நான்கு மாதம் கழித்து வக்கீலம்மா போன் செய்தார். "செயிச்சிட்டோம்மா. உங்க மகன் எதையும் மறைக்கல, நோய் பட்டாளத்துல இருக்கும்போது வந்ததுன்னு எழுதிட்டாங்க." ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். காகிதம் அழியட்டும் என்று கேட்டேன். அவர் அதைப் பத்திரமாக வைத்திருந்து என் கையில் கொடுத்தார்.

ஸ்டீபனிடம் மட்டும் சொல்ல முடியவில்லை. அந்தப் பாரம் இருக்கிறது. அதையும் அவரிடம்தான் வைக்கிறேன். இப்போது ஜெபத்தில் முழங்காலில் நிற்க முடிகிறது. உங்களில் யாராவது எதையாவது மறைத்துவிட்டுக் கால் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால், அவரிடம் நின்று சொல்லுங்கள். அவர் தள்ளமாட்டார்.

"எஸ்தரு, ஆஸ்பத்திரி சேதிய நான் சொன்னபடியே எழுதினியா? பாட்டி மானம் போவும்னு எங்கனா கொறச்சியா? எங்க, மொதல்லேருந்து படி, கேக்கிறேன்."