மச்சினனின் பத்து விரல்கள்

அச்சகத்தில் தாள் வெட்டுகிறவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போய் இரண்டு வருடமாகிறது. கத்திக்கு அடியில் கை போகாதிருக்கத்தான் மெஷினில் இரண்டு பொத்தான்கள். இருபது வருடமாக அவர் இரண்டு கையாலும் அழுத்தித்தான் வெட்டினார். அன்றைக்கு, தாளை அடுக்கும்போது, கத்தி தானாக இறங்கிவிட்டது. "நான் யார் குடியக் கெடுத்தேன்?" என்று அவர் கேட்டுக் கேட்டு மனைவிக்குக் காது புளித்துவிட்டது.

பக்கத்து மெஷினில் அவள் தம்பி. அந்த மகராசன் ஒரு பொத்தானை டேப் போட்டு ஒட்டிவிட்டு, ஒற்றைக் கையால் வெட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுவான். அவனுக்குப் பத்து விரலும் பத்திரம். அவன் தலை வாரினால்கூட இவருக்கு வயிறு எரியும்.

நேற்று மச்சினன் "ஐயோ!" என்று அலறினான். இவர் விழுந்தடித்து ஓடினார். அவன் விரலில் ரத்தத்தைப் பார்த்ததும், இரண்டு வருடமாக எரிந்த வயிறு குளிர்ந்துபோனது.

"ஒண்ணுமில்ல மாமா, தாள் கிழிச்சிருச்சு. அதுக்குப் போய் இப்படிப் பதறி ஓடி வர்றீங்களே! எம்மேல அவ்வளவு பாசமா?"

இவர் எட்டு விரலால் அவனுக்குக் கட்டுப் போட்டார். இத்தனை நாள் தேடிய பாவம் ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. தண்டனைதான் முன்கூட்டியே வந்திருக்கிறது.