அம்மாவின் சிநேகிதி

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் படிக்கப் போனோம்: நானும் அம்மாவும். அம்மா கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கொலிஜில் கணக்கியல் டிப்ளோமா செய்துகொண்டிருந்தார். பிரிட்ஜ் கதவில் என் ரிப்போட் கார்டுக்குப் பக்கத்தில் தன் மார்க்ஸையும் ஒட்டிவைப்பார். அப்பா இரண்டையும் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். பெற்ற தாயோடு போட்டிபோடும் தலையெழுத்து வேறு எந்தப் பிள்ளைக்கு வரும்?

டிப்ளோமாவை நன்றாக முடித்தால் யூனிவேர்சிற்றியில் நேரே மூன்றாம் வருடத்தில் சேரலாம். அப்படி மாறி வருகிறவர்களில் கெட்டிக்காரருக்கு ஸ்கொலஷிப்பும் உண்டு. அது கிடைத்தால்தான் அம்மா ஃபக்டரி வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்க முடியும். எங்கள் மாலைச் செபத்தில் கடைசி மன்றாட்டு எப்போதும் அதுவாகவே இருந்தது.

மாசி மாதத்தில் ஒரு பின்னேரம் அதற்கான விளக்கக் கூட்டம் நடந்தது. அப்பாவுக்கு வேலை, அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கூட்டம் முடிந்து எல்லோரும் போகும்வரை காத்திருந்து, பேசிய பெண்மணியிடம் போய், ஒரு சிநேகிதிக்காகக் கேட்கிறேன் என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். சிநேகிதிக்கு ஸ்கொலஷிப் கிடைக்கும்போல் இருக்கிறதாம். ஆனால் ஆவணியில் பிள்ளை பிறக்கப்போகிறதாம். ஒரு வருடம் தள்ளிவைப்பார்களா?

அந்தப் பெண்மணி அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இடத்தைத் தள்ளிவைக்கலாம், ஸ்கொலஷிப்பைத் தள்ளிவைக்க மாட்டார்கள், அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பித்து மற்றவர்களோடு போட்டியிட வேண்டும் என்றார். பிறகு ஏனோ குரலைத் தாழ்த்தி, சிநேகிதிக்குத் தன் வாழ்த்துகளைச் சொல்லும்படி சொன்னார். சொல்லுகிறேன் என்றார் அம்மா.

அதற்குள் எங்கள் பஸ் போய்விட்டது. குளிரில் அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது எனக்கு அந்தச் சிநேகிதிமேல் பொல்லாத கோபம் வந்தது. தன் கேள்வியைத் தானே வந்து கேட்டால் என்ன?

“ஆரம்மா அவ?”

“உனக்குத் தெரியாத ஆள்.”

“அப்ப பிள்ளைய அடுத்த வருசம் பெறச் சொல்லுங்கோவன்.”

அம்மா சிரித்தார். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். அம்மாவை அப்படிச் சிரிக்கவைக்க அப்பாவாலும் முடியாது; எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று செபத்தில் நானாகவே, அம்மாவின் சிநேகிதிக்கும் ஸ்கொலஷிப் கிடைக்கவேண்டும் என்று சேர்த்துக்கொண்டேன். அம்மாவின் ஆமென் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

ஆவணியில் தம்பி பிறந்தான். அம்மா நாள் முழுக்க வீட்டில் நின்றார். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு யூனிவேர்சிற்றி என்ற சொல்லே மறந்துபோனது. செப்டம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கிய அன்றுதான் சிநேகிதியின் ஞாபகம் வந்தது. அவவுக்குப் பிள்ளை பிறந்துவிட்டதா என்று கேட்டேன்.

தம்பியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த அம்மா, “ஓம், ஆம்பிளைப்பிள்ளை,” என்றார்.

“அப்ப அவ படிக்கப் போகேல்லையோ?”

“வாற வருசம் போவாள். கட்டாயம் போவாள்.”

எனக்கு அந்தச் சிநேகிதியை நினைக்க உண்மையிலேயே கவலையாக இருந்தது. அந்தப் பிள்ளை கொஞ்சம் பொறுத்து வந்திருக்கலாம். எங்கள் தம்பி யாருடைய படிப்பையும் குழப்பாமல், நல்ல பிள்ளையாக வந்து சேர்ந்திருக்கிறான் என்று எட்டி அவன் காலில் ஒரு முத்தம் கொஞ்சினேன்.