ஊர் போய்ச் சேரும்வரை

எம்.எஸ்.டபிள்யூ. சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னபோது எங்கள் வீட்டில் யாருக்கும் அது என்ன படிப்பென்று புரியவில்லை. அம்மா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள். அக்கம்பக்கத்தில் யாராவது விசாரித்தால், "ஜனங்களுக்கு ஒத்தாச பண்ற படிப்பாம்" என்பாள். கொஞ்சம் பொறுத்து, "அதுக்கு இன்னாத்துக்குப் படிக்கணும்னுதான் தெரில" என்று அவளே சேர்த்துக்கொள்வாள். எனக்கும் அப்போது பதில் தெரியாது. சமூகப்பணி முதுகலை, அரசுப் பல்கலைக்கழகம், கட்டணம் குறைவு, இடம் கிடைத்தது, சேர்ந்துவிட்டேன்.

வாரத்தில் மூன்று நாள் வகுப்பு. வடக்குப்பட்டிலிருந்து படப்பைக்கு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து தாம்பரத்துக்கு பஸ், பிறகு மின்சார ரயில். மீதி இரண்டு நாள் களப்பணி. உடன் படித்தவர்களை ஆஸ்பத்திரிக்கும் முதியோர் இல்லத்துக்கும் அனுப்பினார்கள். என் வீடு இந்தப் பக்கம் என்பதால் ஒரகடத்தை ஒட்டி, கம்பெனிப் பெண்கள் தங்கும் ஒரு விடுதியை எனக்குக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே கம்பெனி பஸ்களில் ஜன்னல் கண்ணாடியில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டு போகும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் விழித்திருந்து நான் பார்த்தது அந்த விடுதியில்தான்.

ஆரம்பத்தில் யாரும் என்னிடம் ஒட்டவில்லை. கம்பெனி அனுப்பிய ஆள் என்று நினைத்தார்கள். முதலில் பேச வந்தவள் விளாத்திகுளத்துக்கு உள்ளே ஒரு கிராமத்துப் பெண். என்னைவிடச் சிறியவள். செல்போன் பாகங்கள் பொருத்தும் லைனில் நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை அவளுக்கு. அறையில் நாற்காலி இல்லை என்று தன் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். கேள்வி கேட்கத்தான் எனக்குப் பழக்கியிருந்தார்கள். அவளோ என்னைக் கேட்டாள். ரயிலில் கூட்டமா, வகுப்பில் எத்தனை பேர், பாடம் எடுப்பவர்கள் திட்டுவார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போவாள். பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். அஞ்சல்வழியில் பி.ஏ. சேர வேண்டும் என்ற ஆசை இருந்தது. அடுத்த சேர்க்கையில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

ஷிப்ட் முடிந்து வந்ததும் ஊரிலிருக்கும் அம்மாவைப் போனில் கூப்பிடுவாள். அம்மா கருவேலங்காட்டில் விறகு வெட்டப் போகிறவள். பேச்சென்று அதிகம் இராது. இவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி துவைப்பாள். அந்தப் பக்கம் பாத்திரம் விளக்கும் சத்தம் கேட்கும். நடுவில் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. இதெல்லாம் ஒரு பேச்சா என்று நான் ஒருநாள் சிரித்தேன்.

"பேசணும்னா என்னக்கா, பக்கத்துல இருந்தாப் போதும்லா" என்றாள்.

அந்தச் சமயத்தில் வகுப்பில் ஒரு பயிற்சி நடந்தது. துக்கச் செய்தியை ஒருவரிடம் எப்படிச் சொல்வது என்று நடித்துக் காட்ட வேண்டும். உட்கார வைக்க வேண்டும், அவருக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்று கேட்க வேண்டும், சுற்றிவளைக்காமல் உண்மையைச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. நான் ஆஸ்பத்திரி சமூகப்பணியாளர், என் தோழி நோயாளியின் மகள். நான் முகத்தை அவ்வளவு தீவிரமாக வைத்துக்கொண்டதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. பேராசிரியையும் சிரித்தார்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மதியம் விடுதிக்குப் போனேன். வார்டன் அக்கா கேட் அருகில் போனைப் பிடித்தபடி நின்றிருந்தார். ஸ்ரீபெரும்புதூர்க்காரர், எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர். அன்று என் காதருகே வந்து சொன்னார். விளாத்திகுளத்துப் பெண்ணின் அம்மா இறந்துவிட்டாள். நூறு நாள் வேலையில் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம். ஊரிலிருந்து அப்பா கூப்பிட்டிருக்கிறார். லைனுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் அவளுக்குத் தெரியாது. வார்டன் அவர்களுடைய கான்ட்ராக்ட் சூப்பர்வைசருக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார். ஷிப்ட் முடியப்போகிறது, உள்ளே வைத்துச் சொல்லி மயங்கி விழுந்துவிட்டால் யார் பதில் சொல்வது, பஸ்ஸில் வரட்டும் என்று சொல்லிவிட்டாராம்.

"நீதான இதுக்குன்னு படிக்கிற. நீயே சொல்லிடும்மா. என்னால ஆவாது" என்றார் வார்டன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பா மறுபடி கூப்பிட்டார். வார்டன் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். அவர் குரல் கலங்காமல் இருந்தது. எந்த பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும் என்று சொன்னார். காலை வரை வைத்திருப்போம், அதற்கு மேல் முடியாது என்றார். பிறகு சொன்னார்:

"தாயி, செத்துட்டான்னு சொல்லிராதீங்க. சீரியஸ்னு மட்டும் சொல்லுங்க. ஒத்தையில வருத புள்ள. அம்மா இருக்கான்னு நெனச்சிக்கிட்டே வந்து சேரட்டும்."

சரி என்று சொன்னேன். சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்தேன். அது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் சொல்லிக்கொடுத்ததற்கு அது நேர் எதிர். ஆனால் அவளைப் பெற்றவர் கேட்கிறார். நேற்று வந்த நான் யார்? கம்பெனி பஸ் வருவதற்குள் நான்கைந்து முறை மனம் மாறினேன்.

பஸ் வந்தது. தூக்கக் கலக்கத்தோடு இறங்கியவள் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அறைக்குக் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்கார வைத்தேன். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, சீரியஸாக இருக்கிறதாம், உடனே கிளம்பச் சொன்னார்கள் என்றேன். அவள் உடனே போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். யாரோ சித்தி பேசினாள். டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார், நீ வந்து சேர் என்று சொல்லி வைத்துவிட்டாள். குளித்து வந்தாள். இரண்டு சுடிதாரை ஒரு பையில் வைத்தாள். கம்பெனி ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டியவள், கழற்றிக் கட்டில்மேல் போட்டாள்.

ஒரகடத்தில் வண்டலூர் பஸ் ஏறினோம். படப்பை தாண்டும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். இருபுறமும் மனை விற்கும் பலகைகள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"அக்கா, எங்கப்பா போன்ல அழுதாவளா?"

இல்லை, நன்றாகத்தான் பேசினார் என்றேன். தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன்.

"எங்கப்பா ஆடு செத்தாக்கூட அழுவாவ. அம்மைக்குக் காய்ச்சல்னா அழுவாவ. சீரியஸ்னா அழாம இருக்க மாட்டாவ" என்றாள். அவர் எதையோ மறைத்துப் பேசியிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

இனி மறைப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன். அவள் என் பக்கம் திரும்பி வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"சொல்லாதீங்கக்கா. ஊரு போய்ச் சேருத வரைக்கும் சொல்லாதீங்க."

கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இறங்கும்வரை அவள் கை என் கைக்குள் இருந்தது. லைனில் கையுறை போட்டே வேலை செய்வதால் அந்த விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அன்றும் அப்படித்தான் இருந்தன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்பதால் தெற்கே போகும் பஸ்களில் இடமே இல்லை. ஒரு கண்டக்டரைத் தனியே கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். யாரையோ நகரச் சொல்லி ஒரு பாட்டிக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக் கொடுத்தார். நானும் கூட வருகிறேன் என்றேன். அவள் வேண்டாமென்றாள்.

"நீங்க வந்தா ஒங்களுக்குக் காப்பி போட்டுக் குடுக்கணும். அங்க யாருக்கா இருக்கா?"

தனக்குத் தெரியும் என்பதை அவள் சொன்னது அந்த ஒரு இடத்தில்தான். சொன்னதை அவளே உணர்ந்ததாகத் தெரியவில்லை. ஏறிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் வீடு திரும்பியபோது அம்மா சாப்பாடு எடுத்து வைத்தாள். நடந்ததைச் சொன்னேன். அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு வழில சாப்ட எதுனா வாங்கிக் குடுத்தியா?" என்றாள். வாங்கிக் கொடுக்கவில்லை. தண்ணீர் பாட்டில் ஒன்று மட்டும் கொடுத்திருந்தேன். இரண்டு பேரும் சாப்பிடாமல் எழுந்தோம்.

பதினாறாம் நாள் முடிந்து வந்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இத்தனை நாள் வராததால் கான்ட்ராக்டில் பெயரை எடுத்துவிட்டதாக வார்டன் சொன்னார். அவள் கட்டிலில் திண்டுக்கல் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்துவிட்டாள். ஊருக்குப் போனவளின் சாமான்களை வார்டன் ஒரு சாக்கில் கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தார். ஒருநாள் அவளே எனக்குப் போன் செய்தாள். அப்பா வேளாவேளைக்குச் சாப்பிடுவதில்லை, தம்பி பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறான், இனி வர முடியாது என்றாள். சாமான்களை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். அங்கிருந்தே பி.ஏ. சேரலாம், நான் ஏற்பாடு செய்கிறேன் என்றேன். "பாப்போம்க்கா" என்றாள். பார்ப்போம் என்றால் இல்லை என்றுதான் அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

களப்பணி வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் அறிக்கையைப் படித்துவிட்டு இதைப் பற்றியே கேட்டார். உதவி பெறுபவரிடம் உண்மையை மறைப்பது நம் தொழில் நெறிக்குப் பொருந்துமா என்றார். அவளுக்கு முன்பே தெரிந்துவிட்டது, அவளே சொல்ல வேண்டாம் என்றாள் என்றேன். "அப்படியானால் நீங்கள் எதை மறைத்தீர்கள்?" என்று கேட்டார். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.  அவர் அடுத்த கேள்விக்குப் போனார்.

படிப்பு முடிந்து ஸ்ரீபெரும்புதூரில், தொழிலாளிகளுக்காக இயங்கும் ஒரு சிறிய அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். அவளுக்குக் கல்யாணம் ஆனதைப் போனில்தான் சொன்னாள். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர். போன வருடம் வளைகாப்புக்கு அழைக்கக் கூப்பிட்டாள். பேச்சோடு பேச்சாக, நான் கேட்காமலே, அன்றைய பயணத்தைப் பற்றிச் சொன்னாள்.

பக்கத்தில் இருந்த பாட்டி அருப்புக்கோட்டைக்காரியாம். எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறாள். அம்மாவைப் பார்க்க என்று இவள் சொல்லியிருக்கிறாள். அம்மா நன்றாக இருக்கிறாளா என்று பாட்டி கேட்டிருக்கிறாள்.

"நல்லாருக்கான்னு சொல்லிட்டேன்க்கா. பொறவு அந்தக் கெழவி விட்டுச்சா. அம்மை என்ன வேலை பாக்கா, என்ன கொழம்பு வைப்பா, ஒன்னிய அடிப்பாளான்னு கேட்டுக்கிட்டே வந்துச்சு. நானும் எல்லாத்துக்கும் சொல்லிக்கிட்டே வந்தேன். எங்கம்மையப் பத்தி அம்புட்டு நேரம் நான் யாருகிட்டயும் பேசினதில்லை."

அருப்புக்கோட்டையில் இறங்கும்போது, அம்மாவைக் கேட்டதாகச் சொல் என்றாளாம் பாட்டி. இவள் சரி என்றாளாம். ஊரில் இறங்கித் தெருமுனை திரும்பியதும் வீட்டு வாசலில் பந்தல் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் சரியாக நினைவில்லை என்றாள்.

வளைகாப்புக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. அத்தைமார் செய்தார்களாம். ஆடி மாதம் பெண் குழந்தை பிறந்தது.