டர்ன்ஹாம் கிரீனுக்குப் போன சோற்றுப் பார்சல்

ஞாயிறு காலை ஒன்பது மணி. லண்டனின் மோர்டனில் நான் தங்கியிருந்த வீட்டின் சமையலறையில் வீட்டுக்கார வசந்தி அக்கா சோறு கட்டிக்கொண்டிருந்தார். "வெளியில சாப்பிட்டுக்கலாமே அக்கா" என்றேன்.

"விசரே உமக்கு? அந்த விலைக்கு ஆர் சாப்பிடுறது!"

நான் தனியாகத்தான் போவதாக இருந்தேன். இங்கிலாந்தின் பழைய உள்நாட்டுப் போரில் அரசரை எதிர்த்து லண்டன் நகரம் படை திரட்டி நிறுத்திய திடலைப் பார்க்கப் போகிறேன் என்று முந்தின நாள் சொன்னதும், "பெடியளைச் சேர்த்து நிப்பாட்டின இடமோ? நானும் வாறன்" என்று கிளம்பிவிட்டார். அக்கா யாழ்ப்பாணத்துக்காரர்; அவர் பேச்சில் விசர் என்றால் பைத்தியம், பெடியள் என்றால் பையன்கள். அவருடைய தம்பி போருக்குப் போய்க் காணாமல் போனவர். கூடத்தில் அவர் படம் இருக்கிறது, மாலை போடவில்லை. அதைப் பற்றி நான் கேட்டதில்லை.

விம்பிள்டன் வரை பஸ், ஆளுக்கு ஒரு பவுண்டு எழுபத்தைந்து பென்ஸ். அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில், எர்ல்ஸ் கோர்ட்டில் வண்டி மாற்றம். டர்ன்ஹாம் கிரீன் ஸ்டேஷனில் இறங்கி எதிரே தெரிந்த புல்வெளியைப் பரவசமாகப் படம் பிடித்தேன். அது வேறு புல்வெளியாம்! நாயோடு நடந்துகொண்டிருந்த ஒருவர் சிரித்தபடி வழி சொன்னார். பெயர் வைத்தவனைத் திட்டிக்கொண்டே பத்து நிமிடம் நடந்தோம்.

பதினொன்றரை மணி. நடுவில் ஒரு தேவாலயம், சுற்றிலும் மரங்கள், ஓரத்தில் ஒரு தகவல் பலகை. இவ்வளவுதான் டர்ன்ஹாம் கிரீன். பெஞ்சில் உட்கார்ந்து, படித்ததையெல்லாம் அக்காவுக்குச் சொன்னேன். 1642 நவம்பர். அரசரின் படை பக்கத்து ஊரான பிரென்ட்ஃபோர்டைச் சூறையாடிவிட்டு லண்டனை நெருங்குகிறது. நகரமே கிளம்பிவிட்டது. தையற்காரர், செருப்புத் தைப்பவர், கடைகளில் தொழில் பழகும் பையன்கள் எல்லோரும் ஈட்டியும் துப்பாக்கியுமாக ஏழு மைல் போல நடந்து இங்கே வந்து நின்றார்கள், இருபதாயிரம் பேருக்கு மேல். லண்டன் பெண்கள் சமைத்த சாப்பாடு வண்டி வண்டியாகப் பின்னாலேயே வந்தது.

"சாப்பாடோ?" அக்கா நிமிர்ந்தார்.

பசி எனக்கும் வந்துவிட்டது. பார்சலைப் பிரித்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல். நாலு வாய் சாப்பிட்டதும் சோற்றுக்கு அடியிலிருந்து ஒரு அவித்த முட்டை வந்தது.

"என்ன அக்கா, முட்டையைப் புதைச்சு வச்சிருக்கீங்க?" என்று சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. தன் கையையே பார்த்தார். "நினைக்காமல் வைச்சுப்போட்டன் பிள்ளை. சண்டை நேரம் வீட்டுக்கு வீடு பார்சல் குடுக்கவேணும், முன்னுக்கு நிக்கிற பெடியளுக்கு. தம்பி போனாப் பிறகு நான்தான் கட்டுவன். ஒரு பார்சலிலை மட்டும் முட்டை. மேலை வைச்சால் வித்தியாசம் தெரியும், அதாலை அடியிலை. அவன்ரை கைக்குப் போனதோ, ஆருக்குப் போனதோ... ஒண்டும் தெரியாது."

பார்சலை மடியில் இறக்கி வைத்தேன்.

"இஞ்சை என்ன நடந்தது? கனபேர் செத்தவையோ?"

"இல்லக்கா. நாள் முழுக்க ரெண்டு படையும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு நின்னுச்சு. இவ்வளவு கூட்டத்தைப் பாத்து அரசர் திரும்பிட்டார். அன்னிக்குப் பெரிய சண்டையே நடக்கல. ஆனா போர் அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா நடந்துச்சு." மறைக்க மனம் வரவில்லை.

"அது பிறகு. அண்டைக்குச் சாப்பாடு அனுப்பின பொம்பிளையளுக்குத் தெரிஞ்சிருக்கும், தங்கடை பிள்ளையள் சாப்பிட்டதோ எண்டு."

"திரும்பி வந்தவங்க சொல்லியிருப்பாங்க அக்கா."

"குடுத்து வைச்சவை" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்கு மேல் அவர் அழவில்லை, நான்தான் அழுதேன்.

மூன்று மணி. திரும்பும் வண்டிக்காக நிற்கும்போது மதுரையில் இருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டேன். அங்கே இரவு எட்டரை. "சாப்டியாடா?" என்றேன். "ஆச்சுக்கா. இதைக் கேக்கவா லண்டன்லேர்ந்து கூப்பிடுற?" என்று எரிந்து விழுந்தான். எங்கள் ஊரில் போனை எடுத்ததும் கேட்கிற கேள்வி. பதிலை நான் என்றைக்கும் காதில் வாங்கியதில்லை.

போனை வைத்ததும் அக்கா என் கையைப் பிடித்தார்.

"தம்பியோ?"

"ஆமாக்கா."

"என்ன சாப்பிட்டவராம்?"

அதை நான் கேட்கவில்லை. மறுபடியும் போன் போட்டேன்.