அடிக்கப்பட்ட ஐந்து சொற்கள்

என் மேசை இழுப்பறையில் ஒரு தாள் இருக்கிறது. பதினோரு வரிகள். ஏழாவது வரியில் ஐந்து சொற்கள் நீல மையால் அடிக்கப்பட்டிருக்கின்றன. கோபத்தில் கிறுக்கியதல்ல. ஸ்கேல் வைத்தது போல ஒரே நேர்கோடு. அடித்தவர் என் வீட்டில் ஒன்பது ஆண்டுகள் சமைத்த அம்மா. அந்தச் சொற்களை எழுதியவன் நான்.

ஸ்ரீரங்கத்தில் எங்களுடையது இருபத்து நான்கு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. திருச்சியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் கோப்புகளோடு கிடந்தவன் என்பதால் என்னைச் சங்கச் செயலாளராக்கியிருந்தார்கள். மனைவி இறந்த பிறகு தனியாள். சமையல்காரம்மா டோல்கேட்டிலிருந்து பஸ்ஸில் கொள்ளிடத்தைத் தாண்டி வருவார். எங்கள் கட்டடத்திலேயே நான்கு வீடுகளில் அவர் சமையல். வேறு வருமானம் கிடையாது. எதைப் பார்த்தாலும் எண்ணும் வழக்கம் எனக்கு உண்டு. படி, ஜன்னல் கம்பி, காலண்டரில் மிச்சமுள்ள தாள் என்று எதுவும் தப்பாது. “இட்லிய நீங்க எண்ணிக்கங்க சார், உப்ப மட்டும் எங்கிட்ட விட்டுடுங்க” என்பார் அந்த அம்மா.

கொரோனாவின் இரண்டாவது அலை வந்தபோது எங்கள் தெருவில் மட்டும் ஆறு பேர் போனார்கள். கீழ் வீட்டில் தொண்ணூற்றொரு வயதில் ஓர் அம்மாள் இருந்தார். மூச்சிரைப்பு உள்ளவர். அவருக்கும் சமைப்பது இதே அம்மாதான். வெளியிலிருந்து வருகிறவர்கள் ஊசி போட்டுக்கொண்டார்களா என்று யார் பார்ப்பது என்று அவர் மகள் கேட்டார். நியாயமான கேள்வி. தடுப்பூசி நல்லது என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. அவரவர் விருப்பம் என்றுதான் அரசு சொல்லிவந்தது. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் சான்றிதழ் கேட்டார்கள். எங்கள் வாசலிலும் கேட்பது என்று முடிவாயிற்று. இரண்டு தவணையும் போட்டவர்களுக்கே அனுமதி. முதல் தவணை போட்டவர்கள் அடுத்ததற்கான நாள் வரும்வரை வரலாம்.

அப்போது கூட்டத்தில் ஒருவர், நாம் சொல்லிப் போட்டுக்கொண்டு யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் நம் தலையில் விழாதா என்றார். நான் எழுந்து, அதற்கு ஒரு படிவம் தயாரிக்கிறேன் என்றேன். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். ‘நான் என் சுயவிருப்பத்தின் பேரில், எவருடைய வற்புறுத்தலும் இன்றி, இரண்டு தவணைத் தடுப்பூசியும் செலுத்திக்கொண்டேன்’ என்பது அதன் ஏழாவது வரி. இரண்டு தவணையும் முடிந்த பிறகு இந்தப் படிவத்தில் கையெழுத்திடாதவர் உள்ளே வரக்கூடாது என்று பெருமையோடு அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினேன். ஊசி போட்டுக்கொள்ளாவிட்டால் வேலை இல்லை. போட்டுக்கொண்டாலோ, யாரும் வற்புறுத்தவில்லை என்று எழுதித் தர வேண்டும். முப்பத்து மூன்று ஆண்டு அனுபவம் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டது.

சமையல்காரம்மாவுக்கு ஊசி என்றால் பயம். முன்பொரு முறை பல்வலிக்குப் போட்ட ஊசியில் உடம்பு முழுவதும் வீங்கி, நாக்கு தடித்துப் பேச்சே வரவில்லையாம். அதைச் சொன்னபோது, டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அப்படியே சொல்லியிருக்கிறார். அரைமணி நேரம் உட்காரவைத்துப் பார்த்து அனுப்பினார்களாம். எண்பத்து நான்கு நாள் கழித்து இரண்டாவதையும் போட்டுக்கொண்டு, மறுநாளே கை வலியோடு வந்து குழம்பு வைத்தார். அன்று சான்றிதழைப் பார்த்துவிட்டுப் படிவத்தைக் கொடுத்தேன். அடுப்படி மேடையில் வைத்து நிதானமாகப் படித்தார். பேனா கேட்டார். ஐந்து சொற்களை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

“ஏம்மா அடிச்சீங்க?”

“நாலு வீட்டுச் சமையல் போயிடுமேன்னுதான் சார் போட்டுக்கிட்டேன். போட்டுக்கிட்டேன்னு எத்தனை தாள்ல வேணாலும் எழுதித் தரேன். ஆசப்பட்டுப் போட்டுக்கிட்டேன்னு மட்டும் எழுத மாட்டேன்.”

அடித்தல் இருந்தால் படிவம் செல்லாது என்றேன். சங்கத் தலைவர்கூட, ஊசிதான் போட்டாயிற்றே, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் விடவில்லை. வேறு தாள் கொடுத்தேன். அதை அவர் தொடவில்லை. நாலு வீட்டிலும் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு, என் வீட்டுச் சாவியைத் தாளின் மேல் வைத்துவிட்டுப் போனார். ஒன்பது ஆண்டுகள் அந்த ஒரு நாளில் முடிந்தன.

நான் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தேன் என்பதை இப்போது எழுதிவிடுகிறேன். முதல் தவணைக்குப் பிறகு எனக்கு மூன்று நாள் காய்ச்சல். நூற்றிரண்டு வரை ஏறியது. தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. இரண்டாவது தவணைக்குப் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் முப்பத்தொரு பேர். பத்தொன்பது பேர் ஆகும்வரை நின்றுவிட்டு, பயந்து திரும்பிவிட்டேன். ஒன்பதாம் நாள் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. எனக்கு இரண்டாவது தவணை வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டுவிட்டதாம். எங்கோ யாரோ தவறாக ஓர் எழுத்தைத் தட்டியிருக்க வேண்டும். போய்ச் சொல்லித் திருத்தியிருக்கலாம். சான்றிதழை அச்செடுத்து லேமினேட் செய்துகொண்டேன். குடியிருப்பவர்களும் எழுதித் தந்தோம்; முதல் படிவம் என்னுடையது. மாலைகளில் கீழ் வீட்டு அம்மாளுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டியதும் நான்தான், அவர் நாற்காலிக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால் என் கணக்கு நேராகிவிடாது. என் தாள் கோணல் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் மற்ற எழுபத்து நான்கு தாள்களும் நேராக இருந்தாக வேண்டும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

அடுத்த ஆண்டு, யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போடவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன செய்தி நாளிதழில் வந்தது. மூன்று முறை படித்தேன். அரிவாளைக் காட்டினால்தான் கட்டாயமா, நாலு வீட்டுச் சமையலைக் காட்டினால் இல்லையா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். கீழ் வீட்டு அம்மாளின் பயமும் நியாயம், இந்த அம்மாவின் பயமும் நியாயம். இரண்டையும் எடைபோடச் சட்டத்திடம் தராசு இருக்கலாம். என்னிடம் ஒரு படிவம்தான் இருந்தது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் அவர் சமைப்பதாக வாட்ச்மேன் சொன்னார். காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போனேன். விடுதியின் பின்கட்டில் பெரிய அண்டாவில் அரிசி களைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். இங்கே வருவதற்கு முன் ஐந்து மாதம் வேலையில்லாமல் இருந்ததை, மழை பெய்ததைச் சொல்வது போலச் சொன்னார். நான் வரிசையிலிருந்து திரும்பியதையும், செய்தி வந்ததையும், லேமினேட் செய்ததையும் சொன்னேன். அவர் கை அண்டாவுக்குள் நின்றது.

“உங்களுக்கும் பயமா இருந்துச்சா சார்?”

“ஆமாம்மா.”

“அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேருமாப் போயிருக்கலாமே சார். நான் ஒரு ஆளா நடுங்கிக்கிட்டுல்ல உக்காந்திருந்தேன்.”

திரும்ப வரச் சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லாமலே எழுந்தேன். அவரும், மத்தியானச் சாப்பாடு யார் வைக்கிறார்கள் என்று கேட்டதோடு நிறுத்திக்கொண்டார். வாசல்வரை வந்து, “படி பாத்து எறங்குங்க. ஏழு படி, எண்ணிட்டுத்தான் வந்திருப்பீங்க” என்றார். ஏழுதான்.

எனக்கு இப்போது எழுபத்தேழு வயது. போன வாரம் செயலாளர் பொறுப்பை இளையவர் ஒருவரிடம் ஒப்படைத்தேன். அந்தப் படிவங்களை இனி யார் பார்க்கப்போகிறார்கள், கிழித்துப் போட்டுவிடுங்கள் என்றார். எழுபத்து மூன்றைக் கிழித்தேன். இரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்த அம்மா அடித்த ஐந்து சொற்களையும் எடுத்துவிட்டால் அவர் தாளில் மிஞ்சுவது அத்தனையும் உண்மை. என் தாளில் அடித்தல் இல்லை, திருத்தம் இல்லை, மடிப்புக்கூட இல்லை. ஏழாவது வரியை விரல் வைத்துப் படித்தேன். சுயவிருப்பத்தின் பேரில், எவருடைய வற்புறுத்தலும் இன்றி. அந்த ஐந்து சொற்கள் மட்டும்தான் உண்மை; பொய்க் கையெழுத்துப் போடச் சொல்லி என்னை யாரும் வற்புறுத்தவில்லை. அவற்றை விட்டுவிட்டு வரியின் மிச்சத்தை நீல மையால் அடித்தேன். கோடு நேராக வரவில்லை.