அப்பாவின் இரண்டு நாள் பத்தியம்

கிளந்தானில் மருத்துவம் படிக்கும் எங்களுக்கு, நான்காம் ஆண்டு விடுமுறையில் விரும்பிய ஊரில் நான்கு வாரப் பயிற்சி எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். கூடப் படித்தவர்கள் பெரிய மருத்துவமனைகளைத் தேடிப் போனார்கள். நான் பினாங்கில், ஜெலுத்தோங்கில் எங்கள் ஃப்ளாட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய அரசு கிளினிக்கைக் கேட்டு வாங்கினேன். சேவை மனப்பான்மை எல்லாம் ஒன்றுமில்லை. எனக்கு வீட்டுக்கு வரவேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

நான்கு வருடமாக வீடு என்பது ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்புதான். அம்மா தலை சீவிப் பொட்டு வைத்து உட்கார்ந்திருப்பார். பின்னால் அப்பா நின்று சிரிப்பார். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை வாசலில் அவருக்கு ஜாகா வேலை, காவல்காரர். பூட்ஸ் போட்டுக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் நிற்கவேண்டும். பத்து வருடமாக இனிப்பு நீர் வேறு, சர்க்கரை நோய். கேட்டால், "எல்லாம் கண்ட்ரோல்ல இருக்கு லா, நீ படிப்பப் பாரு" என்பார். நல்ல செய்தியாகக் கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்துப்போனது. ஒரு சண்டையை, ஒரு தலைவலியையாவது என்னிடம் சொல்லமாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். விருந்தாளியிடம்தானே நல்லதை மட்டும் சொல்வார்கள்.

கிளினிக்கில் முதல் வாரமே எங்கள் ஆட்களின் சாமர்த்தியம் புரிந்தது. ரத்தப் பரிசோதனைக்கு அவர்கள் பரீட்சைக்குப் படிப்பதுபோலத் தயாராகிறார்கள். இரண்டு நாள் முன்னதாகச் சோறு குறையும், பாலும் சீனியுமாக ஆற்றித் தரும் தே தாரேக் நிற்கும். விரலில் குத்திப் பார்த்தால் தங்கமான எண் வரும். ஆனால் மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டிவிடும் இன்னொரு பரிசோதனையும் உண்டு. அதனிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. வருகிறவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை, அப்பா தேநீருக்குச் சீனி வேண்டாம் என்றார். வியாழக்கிழமை கிளினிக்கில் அவருடைய முறை.

எதிர்பார்த்தபடியே விரல் ரத்தம் நல்லபடியாக இருந்தது, மூன்று மாதக் கணக்கு மோசம். மிஸ்ஸி என்று எல்லோரும் கூப்பிடும் நர்ஸ் அப்பாவின் அட்டையை என்னிடம் நீட்டினார்.

"ஒங்க அப்பாதானே, கால் டெஸ்ட்ட நீயே எடுத்துரு லா."

நான் மறுத்திருக்க வேண்டும். ஒரு தடவையாவது உண்மை தெரியட்டும் என்ற ஆசை விடவில்லை.

சர்க்கரை முற்றினால் பாதத்தில் உணர்வு போய்விடும், அதைப் பார்க்கும் எளிய சோதனைதான். நோயாளி கண்ணை மூடிப் படுத்திருப்பார். மெல்லிய நைலான் இழையால் பாதத்தை அங்கங்கே தொடுவோம். தெரிந்தால் அவர் "ஆமா" சொல்லவேண்டும்.

அப்பா காலுறையைக் கழற்றத் தயங்கினார். "கால் அழுக்கா இருக்கும்மா." நானே கழற்றினேன். சுண்டுவிரலுக்குக் கீழே பூட்ஸ் கடித்த புண், அதன்மேல் பாதி உரிந்த பிளாஸ்டர்.

"எப்ப இருந்துப்பா?"

"நேத்துதான்."

நேற்றைய புண் இல்லை அது. விளிம்பெல்லாம் தடித்துப்போயிருந்தது. கண்ணை மூடச் சொன்னேன்.

"ஆமா" என்றார். நான் இழையை இன்னும் கையில் எடுக்கவே இல்லை.

சற்று இடைவெளி விட்டு இன்னொரு "ஆமா". பிறகு மற்றொன்று. மகள் கேள்வி கேட்கிறாள், சரியான பதில் சொல்லிவிட வேண்டும் என்ற பரபரப்பு அந்த முகத்தில். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எத்தனை வருடமாக இப்படித் தெரியாததற்கெல்லாம் "ஆமா" சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறார்? அப்புறம் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

இழையை எடுக்காமலேயே, புண்ணில் படாதபடி அவர் பாதத்தின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தேன். நான் பெரிய பெண்ணான பிறகு அப்பா என்னைத் தொட்டுப் பேசியதில்லை, நானும் அவரை அப்படித் தொட்டதில்லை. பாதம் கதகதப்பாக இருந்தது. அப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது.

இந்த முறை அப்பா "ஆமா" சொல்லவில்லை. சொன்ன மூன்றுக்கும் நான் சரி என்று சொல்லாததில் சந்தேகம் வந்ததோ என்னவோ, கண்ணைத் திறக்காமல் வெகுநேரம் காத்திருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் ஆரம்பிக்கலியாம்மா?"